இரண்டு விரல் வெயில் கிறீம்

அந்தக் கிறீமுக்கு ஒரு மணம் இருந்தது. புதுச் செருப்பும் தேங்காயெண்ணெயும் ஒரே பெட்டிக்குள் கிடந்து புழுங்கினால் எப்படியிருக்குமோ, அப்படி. காலையில் அந்த மணம் அறைக்குள்ளிருந்து வந்துவிட்டால் அக்கா வெளியே போகிறாள், அம்மாவுக்கு இனி இருப்புக்கொள்ளாது, எனக்கும் பாணும் சம்பலும் நிம்மதியாகத் தொண்டைக்குள் இறங்காது என்று அர்த்தம்.

என் அக்கா வதனிக்கு வெயில் ஆகாது. மற்றப் பிள்ளைகள் வெயிலில் நின்றால் கறுத்துப்போவார்கள். இவள் சிவந்து, தடித்து, கன்னமெல்லாம் கொப்பளித்து, அன்றிரவே காய்ச்சலில் விழுந்து நாலைந்து நாள் யன்னலைச் சாத்திக்கொண்டு கிடப்பாள். சுற்றிவரக் கடலும் உச்சியில் வெயிலுமாக இருக்கிற திருகோணமலையில் பிறந்த பிள்ளைக்கா இப்படியொரு தோல் வாய்க்க வேண்டும்! போதாததற்குச் சண்டைக் காலம். ஓர்ஸ் ஹில் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு "சென்றி", ஆமியின் காவலரண், இருந்தது. அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி, வெட்டவெளி றோட்டில் வரிசையில் நின்று, குடையை மடக்கி, தலையில் போட்ட துணியையும் எடுத்துவிட்டு, ஆமி சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் தோல் டொக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "முதல்ல நிழல், பிறகு குடை, நீட்டுக்கைச் சட்டை. அதுகள் ஏலாத இடத்துக்குத்தான் கிறீம். முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கோணும். காதை விடாதேங்கோ. வெளிக்கிடக் கொஞ்சம் முந்திப் பூசுங்கோ, வேர்த்தால் திரும்பப் பூசுங்கோ. சூட்டுக்குள்ள வைச்சால் பழுதாப் போகும், திகதியும் பாருங்கோ." எல்லாவற்றுக்கும் அம்மா "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்" என்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து செய்தது வேறு. கிறீம் கொழும்பிலிருந்து மாமா வந்தால்தான் வரும். மாமா வருவது பாதை திறந்திருந்தால்தான். ஆகவே அம்மா டியூப்பைப் பிதுக்கமாட்டாள், அதன் வாயைத் தொட்டுப் பார்ப்பாள். விரல் நுனியில் ஒட்டின கடுகளவை நெற்றி, கன்னம், மூக்கு என்று இழுத்து இழுத்துத் தேய்த்து, அதுவும் வெள்ளையாகத் தெரிகிறதென்று மேலே பவுடர் போட்டுவிடுவாள். "இன்னும் கொஞ்சம் போடுங்கோ அம்மா" என்று அக்கா கெஞ்சினால், "நாளைக்குப் பாதையைப் பூட்டினால் ஆரிட்டையடி போறது?" என்பாள். பக்கத்து வீட்டு மாமிக்கு இது வெள்ளையாக்குகிற கிறீம் என்று நினைப்பு. தன் மகளைப் பொம்பிளை பார்க்க வருகிறார்கள், ஒரு சொட்டுத் தாவென்று வந்து நின்றார். அம்மா குசினிக்குள் அடுப்பு எரிகிறதென்று ஓடித் தப்பினாள்.

அந்த வருடம் அக்காவுக்கு உயர்தரச் சோதனை. "கம்பஸ்" கிடைத்தால் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கென்று ஊரைவிட்டுப் போய்விடும், சென்றியும் சுற்றிவளைப்பும் இல்லாத இடத்தில் இருக்கும் என்பதே அம்மாவின் ஒரே பிரார்த்தனை. முதல் நாளே வெயிலில் அவிந்து காய்ச்சலில் படுத்தால் மிச்சப் பாடமெல்லாம் போய்விடும். அதற்காகவே மாமா கொண்டுவந்த புது டியூப் ஒன்றை மூடி திறக்காமல், சேலைகளுக்கடியில் சுற்றி, அலுமாரியில் பூட்டி வைத்திருந்தாள். எங்கள் கூரை தகரம். அந்த அலுமாரி மாசக்கணக்காக அந்தத் தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டிருந்ததை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

சோதனைக்காலையில் அம்மா முதன்முதலாகக் கைதாராளமாகப் பிதுக்கினாள். மஞ்சள் தண்ணீர் வழிந்தது. பிறகு தயிர் திரைந்த மாதிரிக் கட்டி கட்டியாக வந்தது. அக்கா அழத் தொடங்கினாள். "அழாத, கண் வீங்கும்" என்று அதட்டிக்கொண்டே அம்மா அதையே குழைத்துப் பூசினாள், திட்டுத்திட்டாக நின்றது, மேலே பவுடரைக் கொட்டினாள். கூத்தாடப் போகிறவளைப் போல அக்கா வெளிக்கிட்டாள். அப்பா துறைமுக வேலைக்கு விடியவே போய்விட்டதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

சென்றியில் குடை மடங்கியது. ஆமிப் பெண் ஒருத்தி அடையாள அட்டையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், முகத்தைத் துடை என்று சைகை காட்டினாள். அக்கா துடைத்தாள், வேர்வையில் குழைந்து இன்னும் கோரமானது. அம்மாவுக்குப் பதற்றம். தனக்குத் தெரிந்த ஒரேயொரு சிங்களச் சொல்லை எடுத்துவிட்டாள். "லெடக், நோனா, லெடக்!" நோய் என்று சொன்னால் இரங்குவாள் என்று நினைத்தாள் பாவம். அந்தப் பெண் பின்னுக்குத் துள்ளினாள். தொற்று நோய் என்று பயந்துவிட்டாள். அட்டையை விளிம்பில் பிடித்தபடி, சனத்தை விட்டுத் தள்ளி, மறைப்பு ஒன்றுமில்லாத நடு வெளியைக் காட்டி, ஆமிப் பெரியவர் வரும்வரை அங்கே நில் என்றாள்.

எந்த வெயிலுக்குப் பயந்து இவ்வளவும் செய்தோமோ, அந்த வெயிலுக்குள்ளேயே அக்கா தனியாக நின்றாள். "அம்மா, நேரம் போகுது" என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன; அம்மாவில், அந்தப் பெண்ணில், சூரியனில், எல்லாரிலும் ஆத்திரம்.

அம்மா யாரையும் கேட்கவில்லை. நேரே போய் அக்காவுக்கும் சூரியனுக்கும் நடுவே நின்றாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். "வலக்கையை உள்ளுக்கு வை, அதாலதான் எழுதோணும்" என்றாள். ஆமிப் பெண் ஏதோ கத்தினாள். அம்மா அசையவில்லை. பெரியவர் வந்து அக்காவின் சோதனை அனுமதி அட்டையைப் பார்த்து, கொச்சைத் தமிழில் "சோதனையா? ஓடு, ஓடு" என்று விடும்வரை கையை இறக்கவேயில்லை.

அன்றிரவு அக்காவின் இடக் கன்னம் தடித்திருந்தது. வலக்கைக்கு ஒன்றுமில்லை, காய்ச்சலும் வரவில்லை. மிச்சப் பாடங்களுக்கும் ஒவ்வொரு காலையிலும் அம்மா வெயில் பக்கமே நின்றாள். அக்காவுக்குக் கம்பஸ் கிடைத்தது. போனாள், பிறகு இன்னும் தூரம், வெயிலைத் தேடி ஆட்கள் கடற்கரைக்கு ஓடுகிற குளிர் நாட்டுக்கு.

போன மாதம் வந்திருந்தாள். கிறீம் இப்போது சந்திக் கடையிலேயே கிடைக்கிறது. அக்கா சரியாக இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க, "ஐயோ, ஏன் இவ்வளவு?" என்று அம்மா துடித்தாள். மூவரும் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் அந்தச் சென்றி இருந்த இடத்தைக் கடந்தோம். மண்மூட்டையுமில்லை, தடையுமில்லை, ஒருவன் இளநீர் விற்றுக்கொண்டிருந்தான். றோட்டு வளைந்து வெயில் மற்றப் பக்கம் மாறியதும் அம்மா கதையை நிறுத்தாமலே அக்காவின் பின்னால் சுற்றிப்போய் வெயில் பக்கம் வந்தாள்.

அம்மா இப்போது கூனி, அக்காவின் தோளுக்குக்கூட எட்டவில்லை. அவளுடைய நிழல் அக்காவின் முழங்கை வரைதான் வந்தது. அக்கா வலக்கையை அந்த நிழலுக்குள் வைத்துக்கொண்டு மெல்ல நடந்தாள்.