ஃபெலிசியா டீச்சர் ஓட்டிய பச்சைக் கார்

ஜோகூர் மாநிலத்துப் பொந்தியானில் ஃபெலிசியா டீச்சரைப் பற்றி எல்லாருக்கும் இரண்டு விஷயம் தெரியும். தமிழ்ப்பள்ளியில் பல வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். மகளின் காலை ஒடித்தவர். இரண்டாவதை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் படிகளில் மகள் அபிகெயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து இறங்கும்போது, பார்க்கிறவர்களின் கண் முதலில் அந்தக் காலுக்குப் போகும், அப்புறம் தாயின் முகத்துக்கு வரும். இருபது வருடமாக அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு நின்றவர் அவர். அதில் நியாயம் இருக்கிறது என்றே நம்பினார்.

சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அக்கா தங்கைகளில் கார் லைசென்ஸ் எடுத்தது அவர் ஒருவர்தான். கல்யாணமான புதிதில் புருஷன் மரியநாதனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு குளுவாங், பத்து பஹாட் என்று ஓட்டிக்கொண்டே போவார். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அந்த முகத்தில் ஒரு தெளிச்சி வந்துவிடும் என்று தோழிகள் கேலி செய்வார்கள்.

மரியநாதன் கிரேன் மெக்கானிக். பாசிர் கூடாங்கில் வேலை. இரும்பு, வெல்டிங், விரிசல் எல்லாம் அவருக்குக் கைவந்த விஷயம். அபிகெயில் ஆறு வயதாக இருக்கும்போது அந்தக் காரை வாங்கினார். இங்கிலாந்தில் செய்த, இரண்டே இருக்கை உள்ள, கூரையைத் திறந்துவிடக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். அடர்ந்த பச்சை நிறம். பேர் மாற்றுவதற்காக வாகனச் சோதனைக்குக் கொண்டுபோனவர், முதல் தடவை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். என்னவாம் என்று ஃபெலிசியா கேட்டதற்கு, சின்ன விஷயம், லைட்டு சரியில்லை என்றார். கார் ஒரு வாரம் ஏதோ பட்டறையில் கிடந்தது. திரும்பி வந்தபோது அடிப்பக்கம் முழுக்கத் தார்போல கறுப்பு மருந்து பூசியிருந்தது. இரண்டாம் தடவை ‘லூலுஸ்’, பாஸ். அன்று ஆட்டுக்கறி வாங்கிவந்து சமைக்கச் சொன்னார்.

நம்பகமான வண்டி என்பதுதான் அவருடைய பெருமை. நண்பர்களின் பழைய கார்கள் நாலு சொட்டு மழைக்கே ரோட்டோரம் நின்றுவிடும். இது ஒரு நாளும் நின்றதில்லை, சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும் என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்வார். அது உண்மையும்தான். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.

அபிகெயிலுக்கு எட்டு வயது நடந்தபோது, பள்ளி விடுமுறையில், மரியநாதன் மெர்சிங்கில் ஒரு படகுத்துறை வேலைக்காகத் தங்கியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் பழைய கார்க்காரர்கள் கூடுவதாக இருந்தது. காரை எடுத்துக்கொண்டு வா, பிள்ளையையும் கூட்டிவா என்று போன் செய்தார். ஃபெலிசியாவுக்குச் சந்தோஷம். விடிந்ததும் கிளம்பிவிட்டார். குளுவாங் தாண்டி, காஹாங் தாண்டி, இரண்டு பக்கமும் எண்ணெய்க்கான செம்பனை மரங்கள் அடர்ந்த ரோடு. முள் அறுபதைத் தாண்டவில்லை. ஜெமாலுவாங் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. அதில் திரும்பும்போது காலுக்குக் கீழே எங்கேயோ இரும்பு முறிகிற சத்தம் கேட்டது. ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடது பக்கம் இழுத்தது. கார் ஓடைக்குள் இறங்கிச் செம்பனை மரத்தில் மோதி நின்றது. ஃபெலிசியாவுக்கு நெற்றியில் ஒரு கீறல். இடது பக்க இருக்கையில் இருந்த பிள்ளையின் கால்மேல் முன்பக்கத் தகரம் முழுக்க மடிந்து கிடந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மரியநாதன், சொந்தக்காரர்கள் எல்லாம் சுற்றி நிற்க, “மெதுவா வான்னு சொன்னேனே ஃபெலி” என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஸ்போர்ட்ஸ் காரைப் பொம்பளை கையில் கொடுத்தால் இப்படித்தான் என்று ஊர் சொன்னது. முதலில் சத்தம் கேட்டது, அதற்கப்புறம்தான் கார் இழுத்தது என்று ஃபெலிசியா புருஷனிடம் பல தடவை சொல்லிப்பார்த்தார். மரத்தில் மோதிய சத்தம் அது, அதிர்ச்சியில் முன்னே பின்னே குழம்பியிருக்கிறது உனக்கு என்று மரியநாதன் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவ்வளவு பொறுமையாகச் சொன்னதால் ஃபெலிசியா நம்பிவிட்டார். கவனக்குறைவாக ஓட்டியதாகப் போலீஸ் எழுதியதில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மழையோ வெயிலோ, பஸ்தான். லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். அபிகெயிலுக்கு ஆப்பரேஷன்மேல் ஆப்பரேஷன். அப்படியும் இடது கால் ஒரு பிடி குட்டையாகவே நின்றுவிட்டது. மாடிப்படி வந்தால் மரியநாதன்தான் முதுகில் தூக்கிக்கொண்டு ஏறுவார். பிள்ளைக்கு அப்பா என்றால் உயிர். தாய் தலை வாரக் கூப்பிட்டால்கூட, “டாடி வாரட்டும்” என்று விலகிப்போகும்.

காரையும் மரியநாதன் விடவில்லை. இரண்டு வருடம் பட்டறையில் போட்டுச் சரிபண்ணி எடுத்தார். வண்டி மேல் தப்பில்லையே, அதை ஏன் தண்டிக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அபிகெயிலை அதே இருக்கையில் உட்காரவைத்துக் கடற்கரைக்கு ஓட்டிப்போவார். ஃபெலிசியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது மரியநாதனுக்கு அறுபத்து நான்கு. சர்க்கரையில் கண் மங்கிவிட்டது. காரை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தார். ஜோகூர் பாருவில் வக்கீலாக இருக்கும் காசிவிஸ்வநாதன், பழைய கார்களில் ஆசை உள்ளவர், வந்து பார்த்தார், பிடித்துப்போயிற்று. பேர் மாற்றச் சோதனை அவசியம் என்பதால், வழக்கமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அய்யாவு ஓட்டிப்போவதாக ஏற்பாடு. வெயிலில் தன்னால் காத்திருக்க முடியாது, வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்தால் நல்லது என்று மரியநாதன் மனைவியை அனுப்பினார். இருபது வருடத்துக்குப்பின் ஃபெலிசியா அந்தக் காரில் ஏறினார். மகள் உட்கார்ந்திருந்த இருக்கை. போய்ச் சேரும்வரை இரண்டு கைகளையும் மடிக்குள் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

சோதனை மையத்தில் வெளிச்சம், பிரேக், புகை எல்லாம் தேறியது. கடைசியில் காரைப் பள்ளத்தின் மேல் நிறுத்தினார்கள். கீழே இறங்கிய மலாய்க்கார இளைஞர் டார்ச் அடித்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் ஒவ்வோர் இடமாகத் தட்டிக்கொண்டு வந்தார். முன் இடது சக்கரத்தருகே வந்ததும் சத்தம் மாறியது. மறுபடி தட்டினார். கறுப்புப் பூச்சு ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. மேலே ஏறிவந்து, ‘காகால்’, தேறவில்லை என்றார். அதிகாரிகளின் விறைப்பெல்லாம் இல்லாத பையன். ‘மக்சிக்’, அத்தை, நீங்களே பாருங்கள் என்று ஃபெலிசியாவைப் படியில் இறக்கிக் காட்டினார்.

சக்கரத்தைத் தாங்குகிற சட்டத்தில் ஒரு தகட்டின்மேல் இன்னொரு தகடு. மேல் தகடு பிறகு ஒட்டியது, அதன் ஓரம் துருப்பிடித்து விலகி நின்றது. அடியில் இருந்தது அதற்கும் முந்தியது. அது பற்றவைத்த கோட்டோடு வாய்பிளந்து கிழிந்திருந்தது. மோதினால் இரும்பு நசுங்கும், இப்படிக் கிழியாது என்று மலாயில் விளக்கினார் அந்த இளைஞர். உள்ளே துரு தின்றுகொண்டிருந்த இரும்பின் மேலேயே முதல் தகட்டை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள், அது பிடித்திருக்க வாய்ப்பே இல்லை, என்றைக்கோ ஓடும்போதே விட்டுப்போயிருக்கிறது, அதை மறைத்துத்தான் இரண்டாவது தகடு என்றார். இதில் யாருக்கும் அடிபடவில்லையா என்று சாதாரணமாகக் கேட்டார். ஃபெலிசியா படியேறினார்.

வெளியே மரநிழலில் அய்யாவு இழுவை லாரிக்குப் போன் போட்டுவிட்டு நின்றிருந்தார். ஃபெலிசியா நேரே அவரிடம் போனார்.

“ரெண்டாவது தகடு நீங்க வச்சதா?”

“ஆமாக்கா.”

“அப்ப மொதல்ல இருந்தத பாத்தீங்கல்ல?”

அய்யாவு தரையைப் பார்த்தார். “பாத்தேன். அண்ணன்கிட்ட சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்திச்சு. கார் வாங்கினப்ப சோதனையில அதுலதான் காகால் ஆச்சாம். வேற பட்டறையில ஒட்டி மேல மருந்து அடிச்சிட்டாரு. அக்காகிட்ட சொல்லவேணாம், கேஸு முடிஞ்சு போச்சுன்னாரு.”

“இருபது வருஷமா நீங்க நம்ம வீட்டுக்கு வர்றீங்க அய்யாவு. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருக்கேன்.”

ஃபெலிசியா வாடகைக் கார் பிடித்து வீட்டுக்கு வந்தார்.

மரியநாதன் கூடத்தில் ரேடியோவைச் சன்னமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தத்தை வைத்தே, “லூலுஸா?” என்றார். காகால் என்று சொல்லி, எந்த இடத்தில் என்பதையும் சொன்னார் ஃபெலிசியா. மரியநாதன் ரேடியோவை நிறுத்தினார். பழைய கார் என்றால் ஒட்டு இல்லாமல் இருக்காது, ஜோகூரில் ஓடுகிற பாதி வண்டி ஒட்டுப்போட்டதுதான் என்று ஆரம்பித்தார். அந்த ஒட்டோடு தானே இரண்டு வருடம் ஓட்டியதாகவும், தன் கையில் அது ஒன்றும் செய்யவில்லை என்றும் சொன்னார்.

“நான் மொதல்ல சத்தம் கேட்டிச்சின்னு சொன்னேன். நீங்க எனக்கு மூள கொழம்பியிருக்குன்னீங்க.”

“அப்ப நான் வேற என்ன சொல்ல முடியும்? தெரிஞ்சே ஓட்டக் கொடுத்தேன்னா என்னைய உள்ள வச்சிருப்பாங்க. வேல போயிருக்கும். பிள்ளைக்கு ஆப்பரேஷன் யார் பாத்திருப்பா? ஒனக்கு ஒரு அபராதத்தோட முடிஞ்சிச்சு.”

“எனக்கு அபராதத்தோட முடிஞ்சிச்சா?”

மரியநாதன் தன் பக்கத்து நியாயத்தைக் கண்டுபிடித்துவிட்டவர்போலச் சொன்னார்: “நீயேதான் ஒத்துக்கிட்ட ஃபெலி. நானா ஒன்ன ஒத்துக்கச் சொன்னேன்?”

ஃபெலிசியா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். அழுகை வரவில்லை. திட்ட வேண்டும் என்று வாய் திறந்தாலும் இத்தனை வருடத்தில் அதற்கான வார்த்தைகளையெல்லாம் தன்மேலேயே செலவழித்துவிட்டிருந்தார்.

அபிகெயில் சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். சனிக்கிழமை வந்தவளைத் தாய் படுக்கையறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மகள் கட்டிக்கொள்வாள், குறைந்தது கையையாவது பிடித்துக்கொள்வாள் என்று அவருக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அபிகெயில் தன் காலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“போன வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தி பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன் மம்மி, எங்க மம்மிய மன்னிச்சிட்டேன்னு. ஃபாதர் ரொம்ப சந்தோஷப்பட்டாரு. எனக்கு அதுக்கு எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா?”

“மன்னிக்க ஒண்ணும் இல்லையே மா.”

“அதான் இப்ப சொல்றீங்களே.” காலிலிருந்து கையை எடுத்துவிட்டு, “டாடி என்னையத் தூக்கிக்கிட்டு ஏறுவாரு. அவரு கழுத்தக் கட்டிக்கிட்டு உங்களத் திரும்பிப் பாப்பேன். அத நான் இப்ப என்ன பண்றது?” என்றாள்.

அன்று சாயங்காலமே அவள் சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டாள். அப்பாவிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. அம்மாவிடமும் வாசலில் நின்று ஒரு வார்த்தைதான்.

அடுத்த வாரம் மரியநாதன் அய்யாவுக்குப் போன் செய்து, மறுபடி ஒட்டிப் பூச்சு அடித்து வேறோர் ஊர் மையத்தில் காட்டலாமா என்று விசாரித்தது ஃபெலிசியாவின் காதில் விழுந்தது. அவர் அப்போதே காசிவிஸ்வநாதனைக் கூப்பிட்டு, காரின் இரும்புச் சட்டம் இருக்கும் நிலையையும், அது என்ன செய்தது என்பதையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். வக்கீல் நன்றி சொல்லி விலகிக்கொண்டார். அந்தப் பேச்சு கார்க்காரர்கள் வட்டத்தில் பரவ, வேறு யாரும் கேட்டு வரவில்லை. குடும்பத்து மானத்தைக் கடைத்தெருவில் விற்றுவிட்டாய் என்றார் மரியநாதன். கோயிலிலும் விஷயம் தெரிந்தது. சிலர் டீச்சரிடம் வந்து கையைப் பிடித்து வருத்தப்பட்டார்கள். வேறு சிலர், கண் தெரியாத மனுஷனை இந்த வயதில் இப்படிச் சந்தி சிரிக்க வைக்கலாமா என்று பேசிக்கொண்டார்கள்.

லைசென்ஸ் காலாவதியாகி ரொம்ப நாள் ஆகிவிட்டதால் முதலிலிருந்து பழக வேண்டும் என்றார்கள். ஃபெலிசியா ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார். கூடப் பழக வந்தவர்கள் எல்லாம் அவரிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் வயது. எழுத்துத் தேர்வில் ஒரு கேள்விகூடத் தப்பவில்லை. பயிற்சித் திடலுக்குள் நன்றாகவே ஓட்டினார். பழைய கை, பழக்கம் போகவில்லை டீச்சர் என்று பயிற்சி கொடுத்த பெண் ஷர்மினி மெச்சினாள்.

முதல் தடவை ரோட்டுக்குக் கொண்டுவந்த அன்று, ஊரைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வளைவு வந்தது. புத்தம் புதுக் கார், வேகம் நாற்பதுதான். தன்மேல் தப்பில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ரோட்டை விட்டுவிட்டு, இடது பக்க இருக்கையில் இருந்த ஷர்மினியின் கால்களையே கண் பார்த்தது. காரை ஓரம் கட்டினார்.

“நீ ஓட்டும்மா” என்று சொல்லிவிட்டு இறங்கினார். நாளைக்கு மறுபடி வரலாம், ரெண்டு மூணு தடவை போனால் சரியாகிவிடும் என்று ஷர்மினி ஆறுதல் சொன்னாள். ஃபெலிசியா தலையாட்டினார். மறுநாள் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை.

மரியநாதனுக்கு இப்போது மூன்று வேளையும் சாப்பாடு நேரத்துக்கு மேசைக்கு வருகிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்தும் ஃபெலிசியாதான் விடுகிறார். என்ன கேட்டாலும் கேட்டதற்கு மட்டும் பதில் உண்டு. அபிகெயில் மாதத்துக்கு ஒரு தடவை வருகிறாள், அப்பா தூங்குகிற நேரமாகப் பார்த்து. தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பேச நிறைய இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது என்று இன்னும் இருவருக்கும் தெரியவில்லை.