சென்சாருக்கு வைத்த சந்தனம்

போன மாதம் ஆயுத பூஜை அன்று ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான். ஆனால் இன்றுவரை சோறு இறங்கவில்லை...

பென்னலூர் பக்கம் எங்கள் கம்பெனியில் ஏ.சி. பிளாண்ட் என் பொறுப்பு. பள்ளிக்கூடம் போகாதவன் நான். சுவிட்ச் போடப் படிப்பு எதற்கு? போடுவது மறக்காது, நிறுத்துவதுதான் மறக்கும். ஒரு ஞாயிறு முழுக்க ஆளில்லாத ஹாலில் ஏ.சி. ஓடி, திங்கட்கிழமை வந்தவர்கள் பல் கிட்டிப்போய் நின்றார்கள். கேண்டீன் டீக்கு அன்று வந்த கிராக்கி இருக்கிறதே — சரி, அது வேறு கதை.

இதற்குத்தான் மெட்ராஸிலிருந்து பிரபாகர் வந்தார். நாற்பது வயது இன்ஜினியர். இருந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில். தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரைச் சுவரில் பதித்தார். ஹால் குளிர்ந்தால் ஏ.சி. தானே நிற்கும், சூடானால் ஓடும், ஷிப்ட் முடிந்தால் எல்லாம் ஆஃப். இந்த 1991 வரை இந்தப் பக்கம் இப்படியொன்றை யார் பார்த்தார்கள்?

ஒரு மாதச் சோதனை. பிடித்தால்தான் வாங்குவார்கள்.

"இது இங்க நின்னுச்சுன்னா நாலு கம்பெனி கூப்பிடும்ணே. இல்லன்னா மறுபடி வேலை தேடணும்" என்றார்.

மூன்று வாரம் அருமையாக ஓடியது. கரன்ட் வீணாகவில்லை.

பூஜை நாள் வந்தது. கம்ப்ரஸர், லேத், கேண்டீன் கிரைண்டர் — எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். சென்சாரும் மெஷின்தானே? ஏணியில் ஏறி, குழைத்த சந்தனத்தை அதன் காற்று புகும் ஓட்டை மறைய அப்பி, வல்லக்கோட்டைக் குங்குமம் வைத்தேன். பக்தியோடுதான்... சத்தியமாக.

அரை மணியில், பூஜை நடந்த ஹாலில் ஏ.சி. நின்றது. கற்பூரப் புகையில் முதலாளி வீட்டுப் பெண்கள், விருந்தாளிகள் — எல்லாரும் வேர்த்து வழிந்தார்கள். ஈரச் சந்தனத்தின் ஜில்லை ஹாலின் ஜில் என்று நம்பிவிட்டது அந்த அப்பாவிப் பெட்டி! எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாரும் சுண்டலுக்குப் போன நேரத்தில் மறுபடி ஏறித் துண்டால் துடைத்துவிட்டேன்.

சாயங்காலம் பிரபாகர் பதறி வந்தார். சோதித்தால்... எல்லாம் சரியாக ஓடுகிறது.

"அண்ணே, இதை யாராச்சும் தொட்டாங்களா?"

"இல்ல சார்."

மேனேஜர் விடவில்லை. "இன்னாத்துக்கு நின்னுச்சுன்னே தெரியாத மெஷினு எனக்கு வேணாம். கழட்டு சார்."

ஏணியைப் பிடித்தது நான். மேலே அவர் ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினார். இறங்கி வந்து, "பண்டிகை நாள்ல உங்களுக்கும் சிரமம்ணே, மன்னிச்சுக்குங்க" என்றார். என்னிடம்!

மேனேஜர் என் தோளைத் தட்டினார். "இன்னா பெருசு, உன் கை மாரி வருமா அந்த டப்பா? நீயே பாத்துக்கோ!"

லைன் ஆட்கள் விசில் அடித்தார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு கேட் வரை போயிருந்த பிரபாகர் திரும்பிப் பார்த்தார்.

அப்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.