பதினான்காம் போர்ட்

எங்கள் கம்பெனி திருவொற்றியூரில், கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் இருந்தது. நெட்வொர்க் வேலைக்கு நான் ஒருவன்தான். ஆளாளுக்குப் பாட்டு டவுன்லோட் செய்து இன்டர்நெட்டைத் திணறடித்ததால், ஒவ்வொருவரின் கேபிளும் வந்து சேரும் சுவிட்ச் போர்ட்டிலும் வேகத்துக்கு ஒரு வரம்பு வைக்கச் சொன்னார் மேனேஜர். இருபத்து நான்கு போர்ட்டுக்கும் நானே ராஜா. அந்தத் திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

பதினான்காம் போர்ட், யார்டுக்கு அந்தப் பக்கம் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்த கொருக்குப்பேட்டைப் பெண்ணுடையது. ஒருநாள் மூன்று மணிக்குத் தெரியாத்தனமாக அதன் வரம்பை ரொம்பவும் குறைத்துவிட்டேன். உடனே இன்டர்காம் அடித்தது.

"சார், நெட்டு இன்னா இப்புடி நகருது? கொஞ்சம் வந்து பாருங்களேன்."

போய், அவள் கம்ப்யூட்டரிலிருந்தே சுவிட்சுக்குள் நுழைந்து சரிசெய்தேன். டீயும் பட்டர் பிஸ்கட்டும் கொடுத்தாள். மறுநாள் மூன்று மணிக்குத் தெரிந்தே குறைத்தேன். பிறகு தினமும். வெட்கங்கெட்ட வேலைதான். ஆனால் அந்த மூன்று மணிக்காகவே காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிய நாட்கள் அவை. அந்தச் சந்தோஷம் பிறகு எந்த வேலையிலும் கிடைக்கவில்லை.

ஒருநாள் வரம்பைக் குறைத்த கையோடு, மேனேஜரின் பிரின்டரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். போனவன் மறந்தே போனேன். அவள் அனுப்ப வேண்டிய ஏற்றுமதிப் பேப்பர்கள் மெயிலில் நகரவேயில்லை. லாரி கேட்டிலேயே நின்றது. கப்பலுக்குப் பெட்டி போய்ச் சேரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. எல்லோர் முன்னாலும் மேனேஜர் அவளைக் காய்ச்சி எடுத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"சுவிட்ச்ல கோளாறு சார், அவங்க மேல தப்பில்ல" என்றேன். மீதி உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அன்றே பதினான்காம் போர்ட்டின் வரம்பை அடியோடு எடுத்துவிட்டேன். இனி அதைத் தொடுவதில்லை என்று சத்தியமும் செய்துகொண்டேன்.

நான்கு நாள் இன்டர்காம் வாயே திறக்கவில்லை. மூன்று மணிக்கு என் அறையில் குடித்த டீ கழுநீர் மாதிரி இருந்தது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

ஐந்தாம் நாள் மூன்று மணிக்கு அது அடித்தது.

"சார், நெட்டு ரொம்ப ஸ்லோவா கீது."

திரையைப் பார்த்தேன். ஆபீசிலேயே வரம்பில்லாத ஒரே போர்ட் அவளுடையதுதான்.

"இங்க எல்லாம் சரியாதானே காட்டுது?" என்றேன்.

"மூணு மணி ஆச்சுன்னா அப்புடித்தானே சார் ஆவுது? டீ ஆறிக்கினு கீது, வாங்க."