மலை குறுக்கே நின்ற நேரம்

கருவிகளைப் பார்ப்பதற்கு முன் அந்த அம்மா சன்னலைத் திறந்து முகத்தை வெளியே நீட்டுகிறார். வலது கன்னம் கொஞ்ச நேரம், இடது கன்னம் கொஞ்ச நேரம். அதற்குப் பிறகுதான் காற்றின் வேகம் காட்டும் முள்ளிடம் போகிறார். "கருவி பொய் சொல்லாது. ஆனா ஆற அமரத்தான் சொல்லும்" என்பது அவர் நியாயம்.

சிகரங்களின் அடிவாரத்தில் இருக்கும் இந்த வானிலை அறைதான் அவருடைய அலுவலகம். மலையேறுகிறவர்கள் வைத்த பெயர் மேகக்காரி. பதிலுக்கு இவரும் சிகரங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார். காற்றை நெஞ்சில் வாங்கி மழையையெல்லாம் கறந்துகொள்ளும் மேற்குச் சிகரம் மாமியார். அதன் மறைவில் காய்ந்து கிடக்கும் கிழக்குச் சிகரம் மருமகள். நடுவில் ஒரு கணவாய். பரந்து வரும் காற்று அந்த இடுக்கில் நெருக்கியடித்து நுழையும். "ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டுனவன் கதி என்னன்னு நான் சொல்லணுமா?" என்று சிரிப்பார்.

அவரைப் பார்க்க நான் போன அன்று காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து எழுந்த மேகம் மாமியாரின் கழுத்துவரை ஏறிவிட்டது. மேலே ஒரு குழு. அழைத்துப்போன வழிகாட்டி இவருடைய கணவர். வயர்லெஸ்ஸில் இருவரும் புருஷன் பெண்டாட்டி இல்லை. 'மேல்குழு', 'அடிவாரம்', அவ்வளவுதான்.

"அடிவாரம், ஒரு பொண்ணுக்கு நடுக்கம் நிக்கல. கணவாய் வழியா சட்டுனு இறங்கிடுறோம்."

அவர் சன்னலுக்குப் போய் முகத்தை நீட்டினார். திரும்பியபோது உதடு இறுகியிருந்தது.

"மேல்குழு, கணவாய் வேண்டாம். காத்து திரும்பிடுச்சு, அங்க ஆலங்கட்டி கொட்டும். கிழக்குச் சரிவுல இறங்குங்க."

"அது சுத்து வழி. அந்தப் பொண்ணு தாங்காது."

"ஈரத்துணிய மாத்தி, உக்கார விடாம நடத்திக் கூட்டிட்டு வாங்க."

கொஞ்சம் இரைச்சல். பிறகு அதே கணவர், குரல் மாறி, "அந்தப் பக்கம் போனா மலை குறுக்க நிக்கும். நான் பேசுறது உனக்குக் கேக்காதுடி."

"தெரியும். கேக்காட்டியும் பரவால்ல. போங்க."

அதற்குப் பிறகு இரைச்சல்தான் வந்தது. சற்று நேரத்தில் கணவாய் வெள்ளையாகி, பிறகு இருந்த இடமே தெரியாமல் போயிற்று. எங்கள் தகரக் கூரையிலும் ஆலங்கட்டி விழத் தொடங்கியது.

"வீட்ல நான் சொல்ற எதையும் ஒரே தடவைல கேட்ட மனுஷன் இல்ல" என்றார், என்னிடம் அல்ல.

மீட்புக்குழுத் தலைவர் வந்து வாசலில் நின்றார். "கிழக்கு அடிவாரத்துக்கு ஜீப் போகுதுங்க அக்கா. கணவாய்க்கும் ஆள் அனுப்பட்டுமா? ஒருவேளை..."

மேகக்காரி நாற்காலியின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டார். "அனுப்பாதீங்க. இப்ப அங்க ஏறுறவங்களும் திரும்ப மாட்டாங்க."

தலைவர் தலை குனிந்தபடி இறங்கிப் போனார். அதன்பின் மேகக்காரி உட்காரவே இல்லை. கேட்காது என்று தெரிந்தும் "மேல்குழு, மேல்குழு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

வெளிச்சம் மங்கும் வேளையில் ஜீப் வந்தது. எல்லோரும் இருந்தார்கள். இவர் அந்தப் பெண்ணைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கம்பளி சுற்றி, வெந்நீரைத் தன் கையாலேயே புகட்டினார். கணவர் கடைசியாக உள்ளே வந்து சுவரில் சாய்ந்தார்.

இவர் அவருடைய ஈரக் கையுறைகளை உருவினார். ஒரு விரல் நுனியை நகத்தால் அழுத்தி, வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தார். சிவந்தது. அடுத்த விரலைப் பிடித்தார்.