நகராத சீட்

கடைத்தெருவில் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். கார், வேன், ஆட்டோ எதுவாக இருந்தாலும் உள்ளே உட்காரும் சீட்டுக்கு உறை தைப்பது அவள் வேலை. புதிதாகக் குடிவந்த ஒருவர் அவள் ஏலச்சீட்டு நடத்துகிறாள் என்று நினைத்து, "என்னையும் ஒரு ஆளா சேர்த்துக்கோங்க" என்று வாசலில் வந்து நின்றது தனிக்கதை. "சேர்த்துக்கறேன். முதல்ல வண்டியைக் கொண்டாங்க" என்று அனுப்பிவைத்தாள்.

அவள் வீட்டில் மனிதர்களைவிட வண்டிக்குத்தான் இடம் அதிகம். முன்னறை ஒன்று, திரும்பினால் இடிக்கிற சமையலறை ஒன்று. பின்னால் மட்டும் தாராளமாக ஒரு தகரக் கொட்டகை. அதில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு நின்றது புருஷன் ஓட்டிய பழைய ஃபோர் வீல் வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்பதால், லாரி ஏற முடியாத மேட்டுப் பாதையில் குவாரி ஆட்களுக்குத் தண்ணீர் டிரம்மும் சிமெண்டும் அரிசி மூட்டையும் ஏற்றிப்போவது அதுதான்.

புருஷன் நல்ல உயரம். வாசல் நிலை அவர் நெற்றியை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு இடித்துக்கொண்டவர். அவளோ அவர் சட்டைப் பை வரைதான் வருவாள். மலைக்கும் மடுவுக்கும் கல்யாணம் என்று தெருவே கேலி பேசியது. அவருக்கு அதில் கோபமே கிடையாது. அவருக்கு எதிலும் கோபம் கிடையாது, அதுதான் அவளுக்குக் கோபம்.

சாயங்காலங்களில் மைதானத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒரே ஒரு சிக்கல். ஸ்டியரிங் எட்டியது, பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் கால் நுனிக்கு எட்டின, அடிவரை மிதிக்க வேண்டிய க்ளட்ச் மட்டும் எட்டவில்லை. டிரைவர் சீட்டை முன்னால் தள்ளலாம் என்றால், அடியில் இருக்கும் தண்டவாளம் எந்தக் காலத்திலோ துருப்பிடித்து அவருடைய கால் நீளத்திலேயே இறுகிக் கிடந்தது.

"சீட் நகராதுடி. நீதான் வளரணும்."

"கட்டிக்கறதுக்கு முன்னாடியே அளந்து பாத்திருக்கணும்."

"பாத்தேனே. சட்டைப் பைக்குச் சரியா இருந்தே."

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் நீளக் காலை இந்தப் பக்கம் நீட்டி, க்ளட்ச்சை அவர் மிதிப்பார். ஸ்டியரிங், கியர், ஆக்ஸிலேட்டர், பிரேக் எல்லாம் அவள். "க்ளட்ச்!" என்று அவள் கத்த வேண்டும், அவர் மிதிக்க வேண்டும். முதலில் வண்டி தவளைபோலத் தாவியது. போகப் போகக் கத்த வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அவள் கை கியரின் மேல் போவதற்கு முன்பே அவர் கால் இறங்கிவிடும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு டிரைவர். அவள் வாழ்க்கையிலேயே அதைவிடப் பெரிய சந்தோஷம் இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

"அந்தத் தண்டவாளத்தைக் கழட்டித்தான் சரி பண்ணுங்களேன்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"சரி பண்ணிட்டா என் வேலை போயிடுமே" என்பார்.

இன்னொன்றும் சொல்வார். குவாரி மேட்டு உச்சியில் நின்று பார்த்தால் நம் வீடு தெரியும், மாடியில் நீ துணி காயப்போடுவதுகூடத் தெரியும் என்பார். பொய் என்பாள் அவள். ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்பார். அந்த ஒரு நாள் வரவேயில்லை. காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பழைய இரும்புக்காரர்கள் சர்க்கரை டப்பாவைச் சுற்றும் எறும்பு மாதிரி சுற்றினார்கள். அதில் ஒருவர் பாயை விலக்கி, கதவைத் திறந்து, "உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா, சீட்டைக்கூட எலி தின்னுடுச்சு" என்றார். எட்டிப்பார்த்தாள். பஞ்சு முழுக்கக் கூடாகியிருந்தது. அத்தனை வருஷம் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்திருந்த பஞ்சு. ஊருக்கெல்லாம் சீட் தைத்தவள், அந்தக் குழிக்காகவே புருஷன் சீட்டுக்கு மட்டும் புது உறை போடாமல் வைத்திருந்தாள். இப்போது குழியும் இல்லை.

"விக்கறதா இல்லை" என்றாள். "நான் ஓட்டப்போறேன்."

வாயில் வந்துவிட்ட வார்த்தைதான். ஆனால் சொன்ன பிறகு அதை அவளால் விட முடியவில்லை. இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு அந்த மேட்டில் ஏற வேண்டும், அவர் பார்த்ததைப் பார்க்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். ஓட்டுநர் பள்ளிக்குப் போய், ஒரு சின்னக் காரில் பழகி, லைசென்ஸும் வாங்கினாள். சின்னக் காரின் க்ளட்ச் அவள் காலுக்கே எட்டியது. எட்டிய அன்று வீட்டுக்கு வந்து அழுதாள், ஏன் என்று கேட்க ஆளில்லை.

வண்டியைச் சரிபார்க்க வந்தவர் புருஷனின் பழைய சிநேகிதர், ஒரு மெக்கானிக். வார விடுமுறையில் சாக்கு ஒன்றை விரித்து அடியில் படுத்தார் என்றால், வெளியே பாதம் மட்டும்தான் தெரியும். பேச்செல்லாம் வண்டியோடுதான், நடுநடுவே அவளுக்கும் கொஞ்சம். நின்றே கிடந்ததில் க்ளட்ச் தட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரேக் ரப்பர்கள் தொட்டால் உதிர்ந்தன. ஒயர்களை எலி மென்றிருந்தது. டாங்கிக்குள் டீசல் கூழாகியிருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? டாங்கியை இறக்கிக் கழுவி, குழாயில் புகுந்த காற்றையெல்லாம் கைப்பம்பால் அடித்து அடித்து அவளே வெளியேற்றினாள். கட்டை விரல் காய்த்துப்போனது. அழுகிய தரைத்தகடுக்கு அளவெடுத்து வெட்டியதும் அவள்தான். துணியை வெட்டுகிறவளுக்குத் தகடு மட்டும் என்ன, கொஞ்சம் முரட்டுத் துணி, அவ்வளவுதான். என்ஜின் முதல் முறை பிடித்தபோது கிளம்பிய புகையில் பக்கத்து வீட்டு வெள்ளை வேட்டிகள் எல்லாம் சாம்பல் நிறமாயின. அந்த வீட்டம்மா சுவருக்கு மேலாகக் கொடுத்த வாழ்த்துகளை இங்கே எழுத முடியாது.

இந்த வேலை முழுவதற்கும் மேற்பார்வை அவளுடைய நாத்தனார். யாரும் நியமிக்கவில்லை. புருஷனுக்கு இளையவள், பள்ளியில் விளையாட்டு டீச்சர், விடுமுறை நாளிலும் கழுத்தில் விசில். அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு, ஒரே உயரம். சின்ன வயதில் ஓட்டப் பயிற்சிக்கு அண்ணன் பேண்ட்டைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு ஓடியவள். அவர் போன பிறகு சீட்டக்கா அவருடைய பேண்ட்டுகளை அவளுக்கே கொடுத்தாள். கீழே மடித்துத் தைக்கவும் வேண்டியிருக்கவில்லை, பிரித்துவிடவும் வேண்டியிருக்கவில்லை.

இதைத் தவிர இருவருக்கும் எல்லாவற்றிலும் ஏட்டிக்குப் போட்டிதான். கண்ணாடி மாற்றினால் "அண்ணன் கண்ணாடி நல்லாத்தானே இருந்தது?" ஹாரன் மாற்றினால் "அண்ணன் ஹாரன் ரெண்டு தெருவுக்குக் கேக்கும்." ஒரு நாள் சீட்டில் புதுப் பஞ்சு வைத்துச் சிவப்பு ரெக்ஸின் தைத்து முடித்தபோது, டீச்சர் வந்து நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று சீட்டக்கா வரிந்துகட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"என்ன வேணா மாத்துங்க அண்ணி" என்றாள் டீச்சர். குரலில் சண்டையே இல்லை. "சீட்டு இருக்கற இடத்தை மட்டும் மாத்தாதீங்க. அண்ணன் உக்காந்த இடம் அது ஒண்ணுதான் மிச்சம்."

"நானா மாத்தப்போறேன்?" என்றாள் சீட்டக்கா. அவளுக்கும் அதே எண்ணம்தான். சண்டை போடக் கிடைத்த நல்ல வாய்ப்பு இப்படி வீணானதே என்று இருவருக்குமே கொஞ்சம் வருத்தம்.

ஆனால் எண்ணத்தால் க்ளட்ச் எட்டுமா? முதுகுக்குப் பின்னால் வைக்க ஒரு தடித்த மெத்தை தைத்தாள். வண்டியைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுவந்து பிரேக்கை மிதித்த வேகத்தில் மெத்தையோடு சேர்ந்து வழுக்கி, ஸ்டியரிங்கில் மோவாயை இடித்துக்கொண்டாள். பெடலில் மரக்கட்டை கட்டலாமா என்று கேட்டாள். மெக்கானிக் அன்றுதான் முதல் முறை வண்டிக்கு அடியிலிருந்து முழுசாக வெளியே வந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி, கட்டை நழுவினா மேட்டுல வண்டி பின்னாலயே வரும். சீட்டை நகத்து. இல்லன்னா வண்டியை மறந்துடு."

அவளுக்கு இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. நகர்த்தினால் அவர் இடம் போய்விடும். நகர்த்தாவிட்டால் அவர் பார்த்த இடத்துக்குப் போக முடியாது. கடைசியில் ஒரு வழி தோன்றியது. இப்போது இருக்கும் இடத்தில் ஒரு அடையாளம் வைத்துவிட்டால், நகர்த்தினாலும் வேண்டும்போது திரும்ப அங்கேயே கொண்டுவரலாமே. மூன்றாவது வாரம் கடைக்குக் கிளம்பும் முன்பு, குனிந்து, சீட்டின் கொக்கி மாட்டி நின்ற பல்லுக்கு நேராகத் தண்டவாளத்தில் ஒரு கோடு போட்டாள். "கழட்டிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோடு போட்டது தையல் சாக்கால். வாழ்க்கை முழுக்க எதில் அடையாளம் வைத்தாளோ அதில்தான் வைத்தாள். தைத்து முடித்ததும் தட்டினால் போய்விட வேண்டும் என்பதற்காகவே செய்த சாக் அது. அது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

மெக்கானிக்கைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் வேலையைத் திருத்தமாகச் செய்கிறவர். சீட்டைக் கழற்றி, தண்டவாளத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி, திரும்ப மாட்டி, விரலால் தள்ளினால் ஓடும்படி செய்திருந்தார். அவள் வந்து குனிந்து பார்த்தாள். தண்டவாளம் புதுப் பாத்திரம்போலப் பளபளத்தது. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பல், ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாமல்.

"அண்ணே, இங்க ஒரு கோடு..."

"அழுக்குன்னு நினைச்சேன் தங்கச்சி."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு. பின்னாலிருந்து ரெண்டாவதா, மூன்றாவதா, நாலாவதா? சீட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எந்தப் பல்லில் வைத்தாலும் அவளுக்குத் தூரம்தான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எட்டாத தூரம் ஒன்றுதான், அதில் அளவு ஏது? அவரை ஒருமுறை சாகக்கொடுத்தது போதாதென்று நானே இன்னொரு முறை அழித்துவிட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்தா நாத்தனார் வர வேண்டும்? வந்தாள். வீட்டில் விழப்போகும் இடியை எதிர்பார்த்து மெக்கானிக் நைசாக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

சீட்டக்கா எதையும் மறைக்கவில்லை. "டீச்சர், நகத்திட்டேன். எங்க இருந்ததுன்னு தெரியலை. திட்டறதுன்னா திட்டிடு" என்றாள்.

டீச்சர் திட்டவில்லை. அண்ணியைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். போட்டிருந்தது அண்ணனுடைய சாம்பல் நிறப் பேண்ட். சீட்டை ஒரு பல் முன்னால் தள்ளி க்ளட்ச்சில் கால் வைத்தாள். தலையை ஆட்டினாள். பின்னால் தள்ளினாள். மிதித்தாள். இன்னும் ஒரு பல் பின்னால். க்ளட்ச் அடிவரை போயிற்று, முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கவில்லை, முதுகு சாய்ந்தே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இங்க அண்ணி."

"எப்படித் தெரியும்?"

"என் காலுக்குத் தெரியும். எனக்கும் அவனுக்கும் ஒரே கால்தானே."

சீட்டக்கா வண்டிக்குப் பின்னால் போய் நின்று, கண்ணாடி வழியே பார்த்தாள். எத்தனையோ காலைகளில் வண்டி தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றது இங்கிருந்துதான். பின்கண்ணாடியில் அதே உயரத்தில், அதே இடத்தில் ஒரு தலை தெரிந்தது. அவள் வாய்விட்டே, "ஏங்க" என்று கூப்பிட்டுவிட்டாள். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முகம் மாறிவிடும் என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கொஞ்சம் பொறுத்து, "அண்ணே, வெளிய வாங்க. பஞ்ச் ஆணி எடுங்க. இந்தத் தடவை அழியாத மாதிரி" என்றாள் சீட்டக்கா. மெக்கானிக் ஆணியை அந்தப் பல்லுக்கு நேராக வைத்து ஒரே தட்டு தட்டினார். இரும்பில் மிளகு அளவுக்கு ஒரு குழி விழுந்தது.

அடுத்த விடுமுறை நாள் காலையில் மாடிக் கொடியில் மிச்சமிருந்த சிவப்பு ரெக்ஸினை நாலு கிளிப் போட்டுக் கட்டினாள். "ரெக்ஸினை யாராவது காயப்போடுவாங்களா அண்ணி?" என்று டீச்சர் கேட்டாள். "மேட்டு மேல வந்து பாரு, தெரியும்" என்று சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். சீட் அந்தக் குழிக்கு நேராகவே இருந்தது. க்ளட்ச் எட்டவில்லை.

"டீச்சர், செருப்பைக் கழட்டிட்டு அந்தப் பக்கம் உக்காரு. காலை நீட்டு. நான் சொல்றப்ப மிதி."

"விளையாடறீங்களா?"

"ஆமா. ஒரே ஒரு சுத்து."

மைதானத்தில் வண்டி பழையபடி தவளையாகத் தாவியது. "க்ளட்ச்!" என்று அவள் கத்தினாள், டீச்சர் மிதித்தாள். "லேட்டு!" "நீங்க சொன்னதே லேட்டு!" சண்டை போட்டுக்கொண்டே ஒரு சுற்று முடிவதற்குள் கியர் வெண்ணெயாக விழ ஆரம்பித்தது. கடைசித் திருப்பத்தில் அவள் கத்தவே இல்லை, கால் தானாக இறங்கியது.

மைதானம் முடிந்து கல்லும் பள்ளமுமாகப் பாதை மேலே ஏறத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினாள். இறங்கி, மெக்கானிக் சொல்லிக்கொடுத்தபடி முன்சக்கரங்களின் நடுவில் இருந்த திருகை ஒவ்வொன்றாகக் கையால் திருப்பி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்படி செய்தாள். திரும்ப ஏறி உட்கார்ந்து, கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டிக் கியரையும் போட்டாள். பிறகு சீட்டுக்கு அடியில் கைவிட்டுக் கொக்கியை இழுத்தாள்.

சீட் சத்தமே இல்லாமல் முன்னால் வழுக்கிக்கொண்டு வந்தது. எத்தனை வருஷம் நகராமல் நின்றது, இத்தனை லேசா? அவள் கால் க்ளட்ச்சில் பட்டது, மிதித்தாள், அடிவரை போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

டீச்சரின் கால் இன்னும் இந்தப் பக்கம் நீட்டியபடியே காத்திருந்தது.

"எடுத்துக்கோ" என்றாள் சீட்டக்கா. "இனிமே நானே மிதிச்சுக்கறேன்."