மம்தாவும் மமதையும்

அம்மாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள், கதவைச் சாத்திக்கொள்வாள். ஜனக்புரியில் எங்கள் வீட்டுக் கதவும் எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆண்ட்டியின் கதவும் பகலெல்லாம் திறந்தே கிடக்கும். தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்ந்த அம்மாவுக்கு டெல்லியில் இருந்த ஒரே சிநேகிதி அந்த ஆண்ட்டிதான். எங்கள் பக்கத்துக் கதவைத்தான் ஒரு நாள் அம்மா சாத்தினாள்.

காய்கறி வண்டியைச் சுற்றி நின்ற பெண்களிடம் ஆண்ட்டி அம்மாவைக் காட்டி, "இன்மே பஹுத் மம்தா ஹை", இவளுக்கு மம்தா ரொம்ப அதிகம் என்று சொல்லிவிட்டாள். ஆண்ட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் கைக்குழந்தையை இடுப்பைவிட்டு இறக்காமல் பார்த்துக்கொண்டவள் அம்மா. "அவ்வளவு செஞ்சேன், எனக்கு மமதையாம். ஊரைக் கூட்டிச் சொல்றா" என்று அரிசி களைந்துகொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மம்தா என்றால் தாய்ப்பாசம் என்று பள்ளியில் ஹிந்தி இலக்கணத்தில் படித்திருந்தேன். தமிழில் மமதை என்றால் தலைக்கனம் என்பது, டெல்லியிலேயே பிறந்து அரைகுறைத் தமிழ் பேசிய எனக்கு எங்கே தெரியும்? "நல்லதுதானே சொல்லியிருக்கா" என்றேன். அம்மா முறைத்தாள்.

நாலைந்து நாள் கழித்து, டூர் போயிருந்த அப்பா வந்துதான் சிக்கலை அவிழ்த்தார். வடமொழியில் 'மம' என்றால் 'என்னுடைய'. பிள்ளையை அப்படி நினைத்தால் பாசம், எல்லாவற்றையும் அப்படி நினைத்தால் கர்வம். "ஒரே வயித்துப் பிள்ளைங்கதான். ஒண்ணு ஹிந்திக்காரங்ககிட்ட வளர்ந்தது, இன்னொண்ணு நம்மகிட்ட வளர்ந்தது" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

இத்தனை நாள் எங்கே காணோம் என்று ஆண்ட்டி ஹிந்தியில் கேட்டாள். அம்மா சாக்குத் தேடித் தடுமாறி, "புகார்" என்றாள். ஹிந்தியில் அது காய்ச்சல். ஆண்ட்டி பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "முஜே பதாயா க்யூ நஹீ? மைன் ஆப்கி குச் நஹீ லக்தி?" என்னிடம் ஏன் சொல்லவில்லை, நான் உனக்கு யாருமில்லையா என்று கோபித்துக்கொண்டே, அம்மாவைத் தன் கட்டிலில் உட்காரவைத்து, துளசியும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

காய்ச்சலே இல்லாத அம்மா அதை மடக்கு மடக்காகக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. மிளகை அள்ளிப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நான் ஆண்ட்டியை முறைத்துக்கொண்டு நின்றேன்.