ஓவர்சியர் வாங்கிய கேமரா

டாக்டரம்மாவின் கேமராவை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது. கொல்லிமலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத கால்நடை மருத்துவர் அவர். நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர், வயது இருபத்தெட்டு இருக்கலாம். செம்மேட்டு டீக்கடை பெஞ்சில், ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் அதைச் சாதாரணமாக வைத்துவிட்டு வடை தின்றுகொண்டிருந்தார். ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ், கேமராக்களில் விலை உயர்ந்த ரகம். ஆபீசில் சாப்பாட்டு வேளைகளில் யூடியூபில் பார்த்துப் பார்த்து, எந்தப் பட்டன் எந்தப் பக்கம் என்றுகூட நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த அதே மாடல். வடைத் துணுக்கு ஒன்று அதன் தலையில் விழுந்தது. அவர் அதைச் சுண்டுவிரலால் தட்டிவிட்டார்.

நான் ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியர். ராசிபுரம் பக்கத்தில் வீடு. மலையில் வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவன், மூன்றாவது வருடம் ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நான் சும்மா இருந்ததில்லை. ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ என்று நோட்டுப் போட்டுப் படித்தேன். அருவி, மூடுபனி, வளைவுச் சாலை எல்லாம் எடுத்துத் தீர்த்தாயிற்று. எனக்கு வேண்டியிருந்தது மனிதர்கள். ஆடி மாதம் மலையில் விழா நடக்கும்போது கண்காட்சியில் ஒரு தட்டி நிறையப் புகைப்படங்கள் வைப்பார்கள். அதில் நான் எடுத்த ஒரு முகம் தொங்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் என் ஆசை இவ்வளவுதான்.

அந்த முகம்தான் கிடைக்கவில்லை. மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. குண்டனி நாட்டில் ஒருமுறை சாமை அடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். கோல் தலைக்கு மேல் உயர்கிறது, தூசி பொன்னிறமாகப் பறக்கிறது. கேமராவைத் தூக்கினேன். அவர் கோலைக் கீழே போட்டார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். விறுவிறுவென்று நடந்துபோய் வீட்டுச் சுவரை ஒட்டி, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டவைத்து நின்றார்.

"நேரா நிக்கறனுங்களா சார்? சிலேட்டு வேணுமுங்களா?"

இது என் வேலை செய்த வினை. அரசாங்கத்தில் கட்டிக்கொடுக்கும் தொகுப்பு வீடுகளுக்கு அஸ்திவாரம், லிண்டல், கூரை, பூச்சு என்று நிலைக்கு ஒரு புகைப்படம் எடுத்து போனிலிருந்து ஏற்ற வேண்டும். வீட்டுக்காரர் வீட்டின் முன்னால் நிற்க வேண்டும். பெயரும், எந்த நிலை என்பதும் சாக்பீஸால் எழுதிய சிலேட்டை நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும். முகம் மங்கினால், தலை வெட்டுப்பட்டால், கண் மூடியிருந்தால் படம் திரும்பி வரும், அந்த நிலைக்கான பில் பணம் நிற்கும். அதனால் நான் அதட்டுவேன். "நேரா நில்லுங்க. சிரிக்காதீங்க. ஆடாதீங்க." ஆறு வருடத்தில் நான் படம் பிடிக்காத குடும்பம் மலையில் குறைவு. நான் எதைக் கையில் தூக்கினாலும் அவர்களுக்கு அது பில்தான்.

இதை நான் அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். ஒப்புக்கொள்ளவில்லை. கேமராவைக் குற்றம் சொன்னேன். மலையில் பாதி நாள் மூட்டம். வெளிச்சம் குறைந்தால் என் கேமராவில் படம் முழுக்க மண்ணை வாரித் தூவியதுபோல் புள்ளிகள் வந்தன. ஃபோகஸ் பிடிப்பதற்குள் ஆள் சுவரோரம் போய்விடுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேகமான கேமரா இருந்தால், அவர் கோலைக் கீழே போடுவதற்கு முன் பத்துப் படம் எடுத்துவிடலாம் அல்லவா?

டாக்டரம்மா எடுத்த படங்கள் எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவுக்கு வரத் தொடங்கின. ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கும் பெண். மரவள்ளிக் குச்சிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு யாரையோ திட்டுகிற கிழவர். ஒருத்தருக்கும் கேமரா இருப்பதே தெரியவில்லை. எங்கள் அதிகாரி ஒவ்வொன்றுக்கும் கைதட்டுகிற பொம்மை போட்டார். மூன்று வருடமாக நான் அனுப்பிய அருவிகளுக்கு அவர் கட்டைவிரல்கூடக் காட்டியதில்லை. குழுவில் நானும் கைதட்டினேன். தட்டிவிட்டு, அந்தப் படத்தைப் பெரிதாக்கி எங்காவது தப்பு இருக்கிறதா என்று தேடினேன். ஒரு படத்தில் அடிவானம் லேசாகச் சாய்ந்திருந்தது. அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

கடைசியில் நானே அவரிடம் போய்க் கேட்டேன். கேட்பதற்கு முன்பே பழைய எஸ்டிமேட் தாளின் பின்பக்கம் மூன்று கட்டம் போட்டு வைத்திருந்தேன். இருக்கிற கேமராவோடு நல்ல லென்ஸ் ஒன்று, அல்லது அதே ரகத்தில் புதிய கேமரா, அல்லது அவருடையதைப் போல ஃபுல் ஃபிரேம். மூன்றாவது கட்டத்தைச் சுற்றி ஏற்கெனவே இரண்டுமுறை வட்டம் போட்டிருந்தேன். அவர் கன்றுக்குட்டி ஒன்றுக்கு ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே தாளைப் பார்த்தார்.

"சார், உங்க கேமரா பாடி நல்லாத்தானே இருக்கு. அதை மாத்தாதீங்க. முப்பத்தஞ்சு எம்எம் லென்ஸ் ஒண்ணு மட்டும் வாங்குங்க. ஜூம் கிடையாது, கிட்ட போய்த்தான் எடுக்கணும். கிட்ட போயிட்டாப் போதும் சார், மத்ததெல்லாம் தானா வரும்."

"நீங்க மட்டும் ஃபுல் ஃபிரேம் வெச்சிருக்கீங்களே மேடம்?"

"எனக்கு எங்க அண்ணன் வாங்கிக் கொடுத்தது. நானா இருந்தா இவ்வளவு போட்டிருக்க மாட்டேன்."

நியாயமான பதில். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. சளி பிடிக்கும் என்று குழந்தையிடமிருந்து ஐஸ்கிரீமைப் பிடுங்கி நாமே தின்பது மாதிரி இருந்தது அவர் பேச்சு. நான் வளர்ந்துவிடக் கூடாது என்று இந்தப் பெண் நினைக்கிறார் என்று முடிவு கட்டினேன். மனிதன் கெட்டுப்போக அரை நிமிடம் போதும்.

அடுத்த சனிக்கிழமை சேலம் போனேன். கடைக்காரர் தராசில் தங்கம் வைப்பவரைப் போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கல்யாண ஆர்டர் எடுக்கிறேனா என்று கேட்டார். இல்லை, சும்மாதான் என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். டாக்டரம்மாவின் மாடலில் அதற்கு அடுத்து வந்ததைக் கேட்டு வாங்கினேன். முப்பத்தைந்து எம்எம் லென்ஸும் கண்ணாடிக்குள் இருந்தது. அதன் பக்கமே திரும்பவில்லை. தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் பெரிய ஜூம் லென்ஸை எடுத்துக்கொண்டேன். கிட்டப் போனால்தானே ஓடிப்போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறார்கள்? எங்கேயோ நின்று எடுத்தால் என்ன செய்வார்கள், பார்ப்போம்.

அந்தப் பணம் எங்கள் வீட்டுக்கு மாடியில் ஓர் அறை எடுப்பதற்காக இருந்தது. ஊராருக்கெல்லாம் வீடு அளக்கிற ஓவர்சியர் தன் வீட்டு மாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பதை என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள். "அந்த டாக்டரம்மா வெச்சிருக்கறதும் இதுதானுங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவளிடம் டாக்டரம்மாவைப் பற்றி நான் எவ்வளவு பேசியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாசியில் திருப்புலி நாட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தார்கள். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, அதன் கணுக்களில் கால் வைத்து ஏறி, இடுப்புச் சாக்கில் கொத்துக் கொத்தாகப் போட்டுக்கொள்வார்கள். நான் கீழே நூறடி தள்ளி, காப்பிச் செடிகளுக்கு நடுவே குத்த வைத்து உட்கார்ந்தேன். வண்டு காதில் புகப் பார்த்தது, அசையவில்லை. லென்ஸில் அந்த ஆளின் கழுத்து நரம்பு தெரிந்தது. இதோ, இதோ என்று மனசு அடித்துக்கொண்டது. நான் மறந்துபோனது ஒன்றுதான். மரத்தின் மேலே இருப்பவனுக்கு எல்லாம் தெரியும்.

"ஏய், ஓவர்சியர் போட்டோ புடிக்கறாருடோய்! எல்லாரும் வாங்க!"

அவர் மூங்கிலில் சறுக்கிக்கொண்டு இறங்கினார். பக்கத்து மரங்களிலிருந்து இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். பெண்கள் மிளகை அப்படியே விட்டுவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். சுவர் இல்லாததால் மரத்தை ஒட்டி நின்றார்கள். "அங்கயே உக்காந்துட்டீங்களே சார், கால் வலிக்குதுங்களா?" என்று ஓர் அம்மா கரிசனமாகக் கேட்டார். புதுக் கேமரா நொடிக்குப் பத்துப் படம் எடுத்தது. பத்திலும் ஆறு பேரும் கொஞ்சமும் ஆடாமல், புள்ளி இல்லாமல், பளிச்சென்று நின்றார்கள்.

ஆடி விழாவுக்குப் பன்னிரண்டு படம் கொடுத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். மூடுபனியில் வளைவுச் சாலை. அதே சாலையை வேறு நான்கு பேரும் எடுத்திருந்தார்கள். ஐந்தையும் தட்டியின் அடிவரிசையில், முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். நடுவில், கண்ணுக்கு நேராக, இரண்டு முழ அகலத்தில் டாக்டரம்மாவின் படம் இருந்தது.

அதில் ஒரு புருஷனும் பெண்சாதியும் பூச்சு முடிந்த புது வீட்டின் முன்னால் நின்றார்கள். புருஷனின் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. புஜத்தில் தொளதொளத்தது, யாரிடமோ வாங்கிப் போட்டிருக்கிறார். பெண் சிலேட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். இரண்டு பேரும் விறைத்து நின்றார்கள். கழுத்தில் எலும்புக் குழி தெரிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மூச்சு விட்டால் படம் கெட்டுவிடும், படம் கெட்டால் வீடு போய்விடும் என்கிற பயம் அந்த முகங்களில் இருந்தது. படத்தின் வலது ஓரத்தில் போனை உயர்த்திப் பிடித்த ஒரு முழங்கை. என்னுடையது.

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. கடைசி நிலைப் படம் எடுக்க நான் போயிருந்தேன். அவர்கள் வீட்டு மாட்டுக்கு ஊசி போட டாக்டரம்மா வந்திருந்தார். என் பக்கத்தில், ஒரு கை தூரத்தில் நின்றார். அவர் பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன். ஆறு வருடமாக, தினமும், வேறு யாரையும்விடக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். பார்த்து, எடுத்து, ஏற்றி, பச்சை டிக் விழுந்ததும் போனில் இடம் அடைக்கிறது என்று அழித்தேன். அவர்கள் கோலைக் கீழே போடாத ஒரு கணத்துக்காகக் காப்பிச் செடிக்குள் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அது என் படம். என் வீடு, என் சிலேட்டு, நான் அதட்டி நிற்கவைத்த ஆட்கள்.

அப்போது என் பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. படத்தில் இருந்த அதே பெண், புதுப் புடவையில், வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க சார், இது நீங்க எடுத்ததுதானுங்களே? எங்க ஊடு! இதா பாருங்க, உங்க கையி, உங்க போனு. அன்னைக்கி நீங்க புடிச்ச போட்டோவுலதான் எங்களுக்குக் கடைசி பில்லு வந்துச்சுங்க."

போன் பிடித்த கை படத்திலேயே இருக்கிறது. அப்படியானால் எடுத்தது அந்தக் கைதானே என்பது அவள் கணக்கு. படத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் டாக்டரம்மாவின் பெயர் ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இல்லைங்க என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகப்போகிறது.

"ஆமாங்க," என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால் டாக்டரம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் கேமரா இல்லை, பஞ்சுமிட்டாய் இருந்தது. நான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அந்தப் பெண் அவரையும் சாட்சிக்கு இழுத்தாள். "பாருங்க டாக்டரம்மா, சார் எங்கள எவ்வளவு அழகா எடுத்திருக்கறாரு!"

டாக்டரம்மா படத்தை ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. எதேச்சையாக வந்து நின்றவர்போல, அடியில் இருந்த தன் பெயரைப் புடவைத் தலைப்பு மறைக்கும்படி கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டார்.

"ஆமாம்மா, சார்தான் எடுத்தார். நீங்க மூச்சு விடாம நிக்கறதுக்காகவே எவ்வளவு நேரம் காத்திருந்தார் தெரியுமா? நான் பக்கத்துலயே நின்னு பார்த்துட்டு இருந்தேன்."

"நீங்க நல்லா இருக்கோணும் சாமி," என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அவருடைய கேமராவை, அவருடைய கண்ணை, தட்டியின் நடுவில் கிடைத்த அந்த இரண்டு முழ இடத்தை எல்லாம் நான் ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டேன். இதை மட்டும் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. என் பொய்யைக்கூட அவர் என்னைவிட நன்றாகச் சொன்னார்.